பக்கத்துத் தடுக்கில் இருந்த அம்மா

கோபக்காரி என்றுதான் பாஞ்சாலையை எல்லோரும் சொன்னார்கள். அடி அண்ணாமலையில் அவள் குடியிருந்த தெருவிலும் சொன்னார்கள், திருவண்ணாமலைத் தேரடி வீதியில் அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையிலும் சொன்னார்கள். சொன்னவர்களே கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: பட்டுப்புடவை விற்பதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. வாங்க வந்தவளின் முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். அதன்பிறகு அவள் எடுத்துப் போடுவதெல்லாம் அந்த முகத்துக்குப் பொருந்தும். இதற்காகத்தான் முதலாளி சக்கரபாணி அவள் கோபத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

கணவன் வேடியப்பன் குத்தகை நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவன். மழை ஏய்த்த வருஷங்களில் குடும்பம் பாஞ்சாலையின் சம்பளத்தில்தான் ஓடியது. பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள் இனியா. வீட்டில் பாஞ்சாலை கத்துவதற்கு யாரும் பெரிதாக மிரண்டதில்லை. கத்தி முடித்ததும் சோறு போட்டுவிடுவாள்.

சக்கரபாணியின் அப்பா காலத்தில் கடை ஓட்டுக் கட்டடம். வெள்ளை மெத்தை விரித்து, வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம். பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வர ஆரம்பித்தபின் அந்தக் கட்டடத்தை இடித்து மூன்று மாடி எழுப்பினார்கள். மெத்தை போய் கவுண்டர் வந்தது. கவுண்டருக்கு முன்னால் வாடிக்கையாளர்களுக்குக் குஷன் வைத்த ஸ்டூல்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. விற்கிற பெண்கள் நிற்க வேண்டும். எழுதி ஒட்டாத சட்டம் அது. மலையைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, 'அப்பாடா, காலு விட்டுப்போச்சு' என்று பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே புடவை பார்ப்பார்கள். கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பெண் சிரித்த முகமாகப் புடவையை விரித்துக் காட்டுவாள்.

சில வருஷங்களில் பாஞ்சாலைக்குக் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டது. சாயந்திரமானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையாது. இரண்டாம் மாடியில் அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடித் தள்ளுபடி சமயம். பாஞ்சாலைக்குப் பக்கத்துக் கவுண்டரில் ரேவதி நின்றாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து முதல் தடவையாக உண்டாகியிருந்தாள், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் தலை சுற்றுகிறது என்று கவுண்டருக்குப் பின்னால் பிரிக்காத துணிக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். மாடி சூப்பர்வைசர் காசி வந்து, உட்கார்ந்திருந்தவளின் அடியிலிருந்து அந்தத் துணிக்கட்டை இழுத்தான். "ஏந்துரும்மா, சரக்கு நசுங்குது" என்றான். ரேவதி எழுந்து நின்றாள். அந்த வாரமே அவளுக்குக் கரு கலைந்துவிட்டது.

நின்றதால்தான் கலைந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. எதனால் வேண்டுமானாலும் ஆகலாம் என்றுதான் சொன்னார். பாஞ்சாலைக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை.

ரேவதி திரும்ப வேலைக்கு வந்தாள். வந்த அன்றைக்கே ராக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றாள். காசி அதைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் காதில் விழ, "நிக்க முடியலைன்னா வூட்லயே இருந்திருக்கலாம்ல" என்றான். பாஞ்சாலையின் கையில் மீட்டர் அளக்கும் இரும்புக்கோல் இருந்தது. அதை அவன் மேல் வீசினாள். அவன் காதை உரசிக்கொண்டு போய், பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியை உடைத்தது. புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் எழுந்து கீழே ஓடியது.

சக்கரபாணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நெற்றியில் ஒற்றைத் திருமண் கோடு, எப்போதும் சாந்தமான பேச்சு.

"உனக்கு கோவம் ஜாஸ்தி பாஞ்சாலை," என்றார். "அது உன்னையே எரிச்சிடும். போலீசுக்குப் போகலாம்னு காசி சொல்றான். நான் வேணாம்னுட்டேன். செங்கம் ரோட்டுல தியான மையம் ஒண்ணு இருக்குது, தெரியுமா? அரிசி, பருப்பெல்லாம் நம்ம கடை உபயம்தான். அங்க பத்து நாள் வகுப்பு நடக்குது. பேசாம உக்காந்து மனசப் பாக்கணும். போய்ட்டு வா. சம்பளம் புடிக்க மாட்டேன்."

"காசியும் வரானுங்களா?"

"நான் உங்கிட்ட பேசினு இருக்கறேன்."

வேலையை விட்டால் வேறு வழியில்லை. அதனால் போனாள். பத்து நாள் கடைக்குப் போகாமல் இருக்கலாம் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மையம் ஒரு புளியந்தோப்புக்குள் இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கே பொறுப்பாக இருந்த வேணு என்பவர் முதல் நாள் சாயந்திரமே விதிகளைச் சொல்லிவிட்டார். பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. கூடத்தில் ஆளுக்கு ஒரு பாய்த் தடுக்கு. அதில் உட்கார்ந்து, கேசட்டில் ஒலிக்கும் குரல் சொல்வதுபோல மூச்சைக் கவனிக்க வேண்டும்.

பாஞ்சாலை கண்ணை மூடினால் மூச்சு வரவில்லை, காசி வந்தான். அவனை அடித்தாள். மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டாள். மணி அடிக்கும்போது கை இரண்டும் இறுகிப்போய் நகம் உள்ளங்கையில் பதிந்திருக்கும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி காசி. கூடம் முழுக்கப் பெண்கள் சாந்தமாக இருந்த மாதிரி தெரிந்தது. தான் மட்டும் அங்கே ஒருத்தனைக் கொன்றுகொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவள் வந்து பார்த்தபோது தடுக்கின் மேல் ஒரு பஞ்சுத் திண்டு இருந்தது. முந்தின நாள் அது பக்கத்துத் தடுக்கில் இருந்தது. அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். அறுபது வயசு இருக்கும். வெளுத்த கைத்தறிப் புடவை, கழுத்தில் நூல் மாதிரி ஒரு சங்கிலி, ஒல்லியான உடம்பு. தன் திண்டைக் கொடுத்துவிட்டு வெறும் தடுக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலை நன்றி சொல்ல வாயெடுத்து, விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் அவள் தங்கியிருந்த அறை வாசலில் ஒரு வாளி இருந்தது. உள்ளே ஆவி பறக்கும் சுடுதண்ணீர், பக்கத்தில் ஒரு பொட்டலம் கல்லுப்பு. தாழ்வாரத்தின் கோடியில் அந்த அம்மாவின் புடவைத் தலைப்பு மறைவதைப் பார்த்தாள். உப்பைக் கரைத்துக் காலை உள்ளே வைத்தபோது பாஞ்சாலைக்கு அழுகை வந்தது. அவள் காலை அவளே பொருட்படுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. வேடியப்பன் நல்லவன்தான். ஆனால் அவனும் ஒரு தடவைகூட அந்தக் காலைப் பார்த்ததில்லை.

அதன்பிறகு தினமும் வாளி வந்தது. பதிலுக்குப் பாஞ்சாலை அந்த அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள், வெயிலில் கிடந்த செருப்பை நிழலுக்கு நகர்த்திவைத்தாள், கொடியில் காய்ந்த புடவையை மடித்துவைத்தாள். கடையில் பட்டு மடிக்கிற மாதிரி மடித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்ளவே இல்லை.

கண்ணை மூடினால் காசி வருவது குறைந்துபோய் அந்த அம்மா வர ஆரம்பித்தாள். மனசுக்குள் அவளிடம் பேசினாள். ரேவதியைப் பற்றிச் சொன்னாள். துணிக்கட்டை இழுத்தது, ரேவதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி அதே இடத்தில் நின்றது, எல்லாம் சொன்னாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, 'நீ பண்ணது சரிதாம்மா' என்றாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளாக இருக்க வேண்டும் என்று பாஞ்சாலை முடிவு கட்டினாள். காலைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாளே. மௌனம் கலைந்ததும் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேழ்வரகு அடை தட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பெற்றவளுக்கு அப்புறம் இப்படி யார் மேலும் அவளுக்கு ஆசை வந்ததில்லை.

கடைசி நாள் காலையில் வேணு வந்து, "இனிமே பேசலாம்" என்று சொன்னார். மடை திறந்த மாதிரி புளியந்தோப்பு முழுக்கப் பெண்களின் பேச்சு. அந்த அம்மா நேராகப் பாஞ்சாலையிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் பேர்கூடத் தெரியாதும்மா எனக்கு."

"பாஞ்சாலைங்க."

"நான் ரங்கநாயகி. வேலூர். காலு எப்பிடி இருக்குது?"

"வீக்கம் நல்லாவே வடிஞ்சிடுச்சுங்க. உங்க சுடுதண்ணிதான். நீங்க நர்ஸுங்களா?"

ரங்கநாயகி சிரித்தாள். "நர்ஸா? படிப்பே எட்டாவதோட சரி. பாவமா இருந்துச்சு, அதான். மொத நாள் உன் காலப் பாத்துட்டு, எந்தப் புண்ணியவானோ இந்தப் பொண்ண இப்பிடிப் போட்டு வேலை வாங்குறானேன்னு மனசு ஆறல. இன்னா வேலை பண்றே?"

"தேரடி வீதியில ஜவுளிக்கடைல நிக்கறேங்க," என்று சொல்லிக் கடையின் பேரைச் சொன்னாள்.

ரங்கநாயகியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம கடைப் பொண்ணா நீ? சக்கரபாணி என் தம்பிதாம்மா. இந்த எடத்தைப் பத்தி எங்கிட்ட சொல்லி அனுப்பினதே அவன்தான். நம்ம கடைப் பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்கேன், பாரேன்."

பாஞ்சாலை கையை உருவிக்கொள்ளவில்லை. தம்பி எப்படியிருந்தாலும் அக்கா வேறு என்று நினைத்தாள். ரங்கநாயகி அந்தக் கையைத் தடவிக்கொண்டே சந்தோஷமாகப் பேசிக்கொண்டு போனாள்.

"கட்டடம் கட்டறப்ப அவனுக்கு எல்லா யோசனையும் நான் சொன்னதுதான். அப்பா எனக்கும் அதுல பாதி எழுதி வெச்சிருக்கறாரு, பாரு. பழைய மெத்தையே இருக்கட்டும்னு அவன் சொன்னான். நான்தான், வேணாண்டா, கவுண்டர் போடு, பொண்ணுங்க நிக்கட்டும்னேன். வரவங்க உள்ள நுழையறப்ப பொண்ணுங்க வரிசையா நின்னு கும்பிட்டா கடைக்கே ஒரு லட்சணம் வருது. உக்காந்திருந்தா தூங்கி வழியற மாதிரி இருக்கும். அதுக்கப்பறம்தான் வியாபாரம் எப்பிடி ஏறிச்சு..."

அப்போதுதான் பாஞ்சாலை கையை உருவினாள்.

"சொன்னது நீங்களா?" என்றாள்.

"எதும்மா?"

"நிக்கணும்னு."

"ஆமா, நான்தான்..." என்று ஆரம்பித்த ரங்கநாயகி நிறுத்தினாள். அவள் பார்வை தானாகப் பாஞ்சாலையின் காலுக்குப் போனது.

"எந்தப் புண்ணியவானோன்னு கேட்டீங்களே. நீங்கதான் அது," என்றாள் பாஞ்சாலை. குரல் ஏறிவிட்டது. "எங்க மாடியில எத்தினி பொண்ணுங்க இருக்கறாங்க, அத்தினி பேருக்கும் இந்தக் காலுதான். ஒருத்திக்கு வவுத்துல புள்ள. தலை சுத்துதுன்னு துணிக்கட்டு மேல உக்காந்தா. சரக்கு நசுங்குதுன்னு எழுப்பி வுட்டாங்க. அந்த வாரமே கலைஞ்சிடுச்சு. ரேவதின்னு பேரு. அவளுக்கும் ஒரு வாளி சுடுதண்ணி கொண்டாந்து வைப்பீங்களா?"

தோப்பில் பேச்சு நின்றுவிட்டது. ரங்கநாயகி அழுவாள் போலிருந்தது. ஆனால் அவள் சொன்னது வேறு.

"கோவமா பேசாதம்மா. இத்தினி நாள் கஷ்டப்பட்டுப் பண்ணதெல்லாம் வீணா பூடும். எந்த வலியும் நிக்காது, வந்துட்டுப் போற வலிதான்னு கேசட்ல கேட்டமே..."

"எனக்குப் போச்சுங்க. பத்து நாள் உக்காந்தேன், போச்சு. நாளைக்குக் கடைக்குப் போய் நின்னா மறுபடி வரும்."

வேணு ஓடிவந்தார். "அம்மா, இங்க இப்பிடியெல்லாம் சத்தம் போடக் கூடாது."

"இனிமே பேசலாம்னு நீங்கதான் சொன்னீங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் இறங்கி வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறிக்கொண்டே போனது. ரங்கநாயகி மேல் பாதி. மீதி தன் மேல். அவளை நர்ஸாக்கி, அம்மாவாக்கி, கேழ்வரகு அடை வரைக்கும் போன தன் மனசை அவளால் சகிக்க முடியவில்லை.

"தியானம் எப்பிடி இருந்துச்சு?" என்று வேடியப்பன் கேட்டான். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த வருஷம் முழுக்கத் தெருவில் பேச்சாக இருந்தது.

மறுநாள் கடையில் சக்கரபாணி கூப்பிட்டார். அவர் மேஜைக்கு முன்னால் ரேவதி தலைகுனிந்து நின்றிருந்தாள்.

"அக்கா எல்லாம் சொன்னாங்க," என்றார் சக்கரபாணி. "உனக்குக் காலுல வியாதின்னு எங்கிட்ட ஏன் சொல்லல? நீ ஒருத்தி மட்டும் உக்காந்துக்க. ஸ்டூல் போடச் சொல்லிட்டேன்." பிறகு ரேவதி பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் புள்ள போனதுக்கு நம்ம கடைதான் காரணம்னு வெளிய சொல்றியாமே?"

"இல்லீங்க மொதலாளி. நான் ஒண்ணும் சொல்லல. யார் மேலயும் தப்பில்லீங்க."

"சரி, போங்க."

படியில் இறங்கும்போது பாஞ்சாலை ரேவதியின் தோளைத் தொட்டாள். ரேவதி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"என் வவுத்துக் கதைய யாரக் கேட்டு சொன்னக்கா?"

"உனக்காகத்தாண்டி சொன்னேன்."

"நான் கேட்டனா? எங்க மாமியாருக்கே முழுசா சொல்லல நான். தெரியாத நாலு பொம்பளைங்க எதிர்ல என் பேரச் சொல்லி, புள்ள கலைஞ்சவன்னு சொல்லிட்டு வந்திருக்கற. உனக்கு ஆத்திரம் வந்தா உன் காலக் காட்டு. என்ன ஏன் காட்டற?"

ரேவதி சொன்னது நியாயம். அந்த நியாயமும் அவளுக்கு ஆத்திரத்தையே மூட்டியது.

மேலே போனால் ஸ்டூல் வந்திருந்தது. பாஞ்சாலை அதில் உட்காரவில்லை. தூக்கிக்கொண்டுபோய் மாடியின் நடுவில் வைத்தாள். "எனக்கு மட்டும்னா வேணாம். மாத்தி மாத்தி யார் வேணா உக்காருங்க," என்றாள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. காசி பார்த்துக்கொண்டிருந்தான். சாயந்திரத்துக்குள் யாரோ அதன் மேல் மடிக்காத புடவைகளைக் குவித்துவிட்டார்கள். அதன்பிறகு அது புடவை குவிக்கும் இடமாகவே ஆகிவிட்டது.

ரேவதி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுக்க மட்டும் வாய் திறந்தார்கள்.

ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் முட்டிமோதிய ஒரு நாள் ரங்கநாயகி கடைக்கு வந்தாள். கூடவே சக்கரபாணியும் காசியும் வந்தார்கள். அவள் கையில் ஒரு தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், ஒரு நல்ல அரக்குப் பட்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டுப் பிரிவுக்கு வந்து, பாஞ்சாலையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "இதுல ரேவதிங்கறது யாரும்மா?" என்று கேட்டாள்.

பாஞ்சாலைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ரேவதியின் பேச்சு அவள் காதிலேயே இருந்தது.

ரேவதி முன்னால் வந்தாள். ரங்கநாயகியின் கண் கலங்கியிருந்தது. தாம்பாளத்தை நீட்டினாள். "வாங்கிக்கம்மா. என் கையால மனசாரக் குடுக்கறேன். சீக்கிரமே நல்லபடியா மடி நெறையும்."

ரேவதி குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். புடவையைத் தொடவில்லை.

"பொடவை வேணாங்கம்மா. இந்தப் பொடவைய நாளெல்லாம் நான்தான் தொட்டு மடிக்கறேன்," என்றாள். அவளுக்குக் குரலே எழும்பாது. கிட்டே இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. "எங்களுக்கு உக்கார எடம் போடச் சொல்லுங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம், மொதல்ல இத வாங்கு," என்றார் சக்கரபாணி.

ரேவதி அவரைப் பார்த்தாள். பிறகு கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு கூட்டத்தில் அவள் சட்டென்று காணாமல் போன மாதிரி இருந்தது. காசி, "ஏய், ஏந்துரு" என்று குரல் கொடுத்தான். பாஞ்சாலை கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டுப்போய் ரேவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்க் கவுண்டரில் பூனம் புடவை விற்றுக்கொண்டிருந்த ராணியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. மற்றவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள், பயத்தில் சிலர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கவுண்டருக்கு முன்னால் ஸ்டூலில் இருந்த ஒரு கிழவர், "இன்னாங்க, புடவை காட்ட ஆள் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ரங்கநாயகி தாம்பாளத்தை ஏந்தியபடி நின்றாள். தம்பியைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். அவள் ஏதாவது பேசுவாள் என்று பாஞ்சாலை காத்திருந்தாள். கட்டடத்தில் பாதி அவளுடையது. ஒரு வார்த்தை போதும்.

"சக்கரபாணி, நீயே பாத்து எதனா பண்ணுடா," என்று சொல்லிவிட்டு, ரங்கநாயகி தாம்பாளத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போனாள்.

அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லாமல் சக்கரபாணிக்குச் சமாளிக்க முடியாது. பட்டுக்கு நின்ற இரண்டு பேரும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். இரண்டே நாளில் தச்சர் வந்தார். ஒவ்வொரு மாடியிலும் கவுண்டருக்குப் பின்னால், வாங்க வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், குறுகலாகப் பலகை அடித்துவிட்டுப் போனார். ஆள் வந்தால் எழுந்துவிட வேண்டும், சாய்ந்து உட்காரக் கூடாது என்று காசி கண்டிஷன் போட்டான். அன்றைக்கு நின்றுகொண்டிருந்தவர்கள்தான் முதலில் போய் உட்கார்ந்தார்கள். அதற்கும் பாஞ்சாலை கத்தினாள். "விடுக்கா, அவங்களுக்கும் காலுதானே," என்று ரேவதி சொன்னாள். அவள் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

பொங்கல் முடிந்ததும் வியாபாரம் மந்தமாகிவிட்டது, ஆள் குறைக்கிறோம் என்று பாஞ்சாலையை நிறுத்தினார்கள். அவளை மட்டும்தான். எதிர்பார்த்ததுதான் என்றாலும் கடை வாசலில் நின்று சக்கரபாணியின் பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டுத்தான் வந்தாள். சில மாசம் வீட்டில் இருந்தாள். பிறகு கீழ்பென்னாத்தூரில் ஒரு சின்ன ஜவுளிக்கடையில் ரேவதியின் புருஷன் சொல்லிச் சேர்த்துவிட்டான். பாய் விரித்து வியாபாரம் செய்கிற கடை. வருமானம் கம்மி. வீடு கொஞ்ச காலம் இழுபறியாகத்தான் ஓடியது. இனியாவை வெளியூர்க் காலேஜில் சேர்க்க நினைத்திருந்ததை மாற்றி உள்ளூரிலேயே சேர்த்தார்கள். அதற்கு யார் காரணம் என்று பாஞ்சாலை மறக்கவில்லை.

நாலைந்து வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் அவள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ரங்கநாயகி தடி ஊன்றி இறங்கினாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள். வேடியப்பன் நாற்காலி எடுத்துப் போட்டான். பாஞ்சாலை காப்பி போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசற்கதவில் சாய்ந்து நின்றாள்.

"கட்டடத்துல என் பங்கைத் தம்பிக்கே எழுதிக் குடுத்துட்டேம்மா," என்றாள் ரங்கநாயகி. "அந்தக் கடைல எனக்கு இனிமே ஒண்ணுமில்ல."

"கையில இருந்தப்ப ஒரு வார்த்தை சொல்லலியேம்மா," என்றாள் பாஞ்சாலை.

ரங்கநாயகி காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூடப் பொறந்தவன எல்லார் எதிர்லயும் எப்பிடி... முடியல எனக்கு." பிறகு, "இன்னும் கோவந்தானா என் மேல?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"தீரவே தீராதா?"

பாஞ்சாலை யோசித்துத்தான் சொன்னாள். "காசி மேல இருந்தது எப்பவோ பூடுச்சுங்க. ரோட்ல பாத்தாகூட ஒண்ணும் தோணல. அவன் அப்பிடித்தான், அவ்ளோதான். நீங்க நல்லவங்க. நெசமாவே நல்லவங்க. அதனாலதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

வேடியப்பன் பதறிப்போய், "இவ இப்பிடித்தான் பேசுவாங்கம்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். ரங்கநாயகி கையமர்த்தினாள். காப்பியை முழுக்கக் குடித்தாள். ரேவதிக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள், இனியா என்ன படிக்கிறாள் என்று விசாரித்தாள். கிளம்பும்போது நாற்காலியிலிருந்து ஒரே தடவையில் எழ முடியவில்லை. பாஞ்சாலை போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்படியே கார் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். "பாத்து, கல்லு," என்று மட்டும் வழியில் சொன்னாள்.

கார் திரும்பிப் போன புழுதி அடங்குவதற்குள், பின்பக்கம் மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கத்திரித் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டதாக இனியா கத்தினாள். பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றை ஒழுங்காகக் கட்டத் தெரியாத வேடியப்பனைத் திட்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடினாள்.